பின் சீட்டில் ஏறியவர்

கா நா வளைவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். ஒரு பக்கம் மொட்டைப் பாறை, மறுபக்கம் கடல், நடுவில் தார் இளகிக் கிடந்தது. நான் ஒரு பைக்கில் முன்னால், அண்ணி தியெப் தன் சின்ன பைக்கில் பின்னால். எங்கள் ஊர் சா ஹுயினிலிருந்து கடலோரமாகவே ஓட்டி வந்ததில் இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சியே இல்லை. இறங்கிக் காலை உதறினேன். அண்ணி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கதானா குயென்?"

"ஆமா அண்ணி. அந்த மைல்கல்லுக்குப் பக்கத்துல."

என் அண்ணன் லுவான் சைகோனில் ஒரு செருப்புக் கம்பெனியில் வேலை பார்த்தார். தெத் புத்தாண்டுக்கு ஊருக்கு வர பஸ் டிக்கெட் கிடைக்கவில்லை என்று போனில் சொன்னார். கிடைத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார், அப்படி ஒரு சிக்கனம். பைக்கிலேயே கிளம்பிவிட்டார். அந்த வாரம் நெடுஞ்சாலை முழுக்க எங்கள் ஆட்கள்தான். பின்னால் பிஸ்கட் டப்பா, நடுவில் குழந்தை, கைப்பிடியில் பூந்தொட்டி என்று ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டே இருப்பார்கள். அண்ணன் இரவெல்லாம் ஓட்டியிருக்கிறார். விடியும் நேரத்தில் இந்த இடத்தில் கண்ணயர்ந்துவிட்டார்.

உடலைக் கொண்டு வந்து உப்பளத்துக்குப் பின்னால் புதைத்தோம். உடல்தான் வந்தது, ஆள் வரவில்லை என்றார் பூசாரி. சாலையில் போனவர்கள் சாலையிலேயே நிற்பார்களாம். நூறாம் நாளுக்குள் ரத்த உறவு ஒருவர் போய் அழைக்க வேண்டும். அவர் எந்த வழியில் வந்துகொண்டிருந்தாரோ அதே வழியில், அதே மாதிரி வண்டியில், பின் சீட்டைக் காலியாக விட்டுக் கூட்டி வர வேண்டும். நூறு தாண்டினால் வீட்டு வாசல் அவருக்கு மறந்துவிடும்.

அண்ணிக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் ஏறிவிட்டது. அண்ணன் போனதிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை. "செத்தவங்க வந்தா ஒரு கதவாவது ஆடும்பாங்க. இங்க ஒண்ணுமே ஆடலையே குயென்" என்று சொல்லிச் சொல்லி அழுவார். பேய் வரவில்லையே என்று அழுத பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அம்மா மட்டும் இந்தப் பயணம் வேண்டாம் என்றாள்.

"எதுக்கு அவ்வளவு தூரம்? பேசாம வீட்டுல இருங்க."

"உங்க புள்ளைய நடுரோட்டுலயே விட்டுடச் சொல்றீங்களா அத்தை?"

அம்மா நெத்திலி உலர்த்தப் போய்விட்டாள். வழக்கமான மாமியார் மருமகள் உரசல் என்று நானும் விட்டுவிட்டேன்.

வளைவில் அண்ணனுக்காக யாரோ புண்ணியவான் தகரத்தில் ஒரு சின்ன மாடம் வைத்திருந்தார். பக்கத்தில் இன்னொரு மாடம். அதற்கு அப்பால் முட்புதருக்குள் இன்னும் சில. ஒன்றுக்குக் கூரை இல்லை, ஒன்றில் பெயர் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. ஊதுபத்தி வைக்க யாரும் வந்து வருஷக்கணக்காகியிருக்கும். கடந்து போன லாரிகள் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போயின.

ஊதுபத்தி கொளுத்தித் தட்டை எடுத்தேன். ஒரு பக்கம் சுண்ணாம்பு தடவிய இரண்டு பழைய காசுகள். கேள்வி கேட்டுத் தட்டில் போட வேண்டும். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு என்று விழுந்தால் செத்தவர் சரி என்கிறார். இரண்டும் ஒரே நிறமானால் இல்லை. மூன்று தடவை கேட்கலாம், அதற்கு மேல் வற்புறுத்தக் கூடாது.

"லுவான் அண்ணே, குயென் வந்திருக்கேன். அண்ணியும் வந்திருக்காங்க. வீட்டுக்குப் போவோம், வாண்ணே."

இரண்டும் கறுப்பு.

மறுபடி கேட்டேன். மறுபடியும் இரண்டும் கறுப்பு. மூன்றாவது தடவை போடும்போது கடலிலிருந்து ஒரு காற்று வந்தது. ஒரு காசு தட்டின் விளிம்பில் பட்டுத் துள்ளி அண்ணியின் காலடியில் சரளைக்குள் உருண்டது. அண்ணி பாய்ந்து உள்ளங்கையால் அதை மூடினார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. பிறகு மெதுவாக எடுத்தார். தட்டில் இருந்தது கறுப்பு, கீழே இருந்தது வெள்ளை.

"சரின்னுட்டார்" என்றார். "குயென், சரின்னுட்டார்!"

நானும் அழுதேன். அண்ணனின் நீலக் கட்டம் போட்ட சட்டையை என் பைக்கின் பின் சீட்டில் விரித்து, அதன் கைகள் இரண்டையும் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். உதைத்துக் கிளப்பியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ அப்படி.

அந்த நேரத்தில் எனக்குத் துளிகூடப் பயம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. முதல் பாலம் வந்ததும் பூசாரி சொன்னபடி, செத்தவர்களுக்கான பொற்காகிதம் தூவிச் சத்தமாகச் சொன்னேன்.

"அண்ணே, பாலம் வருது. கெட்டியாப் பிடிச்சுக்க. கூடவே வந்துடு."

தண்ணீரைக் கடக்கும்போது செத்தவர்களுக்குப் பயம், சொல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார்கள். எங்கள் கடற்கரையில் பாலத்துக்குப் பஞ்சமில்லை. நான் ஒவ்வொன்றிலும் கத்திக்கொண்டு போனேன். எதிரே வந்தவர்கள் காகிதத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு ஒதுங்கி வழி விட்டார்கள். அனல் காற்றில் முகம் எரிந்தது. முதுகு மட்டும் குளிர்ந்திருந்தது. ஈரச் சாக்கை அதன் மேல் போட்டது போல இருந்தது.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரம் நெடுஞ்சாலையோரம் ஒரு தொட்டில் கடையில் நிறுத்தினோம். கூரைக்குக் கீழே வரிசையாக வலைத் தொட்டில்கள் கட்டியிருக்கும். ஒரு காபி வாங்கினால் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளலாம், பைக்கில் போகிறவர்களுக்கு அதுதான் ஓட்டல். கடைக்கார அக்காவிடம் மூன்று தொட்டில் கேட்டேன்.

"ரெண்டு பேருக்கு மூணா? மூணாவது யாருக்குடா தம்பி, வரப்போற பொண்டாட்டிக்கா? இந்த மூஞ்சிக்கு அவ எங்க வரப்போறா!"

"அண்ணனுக்குக்கா" என்று சொல்லிப் பின் சீட்டுச் சட்டையைக் காட்டினேன்.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கடா. எனக்கு வாய்தான் எதிரி. உக்காருங்க, அவருக்கும் சேர்த்து சூடா கொண்டாறேன். அவரு சாப்பாட்டுக்கு நான் காசு வாங்க மாட்டேன்."

மீன் நூடுல்ஸ் மூன்று கிண்ணம் வந்தது. என் கிண்ணம் நாக்கைச் சுட்டது. அண்ணனின் கிண்ணத்தில் ஆவி நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் வெள்ளையாக உறைந்து மேலே படிந்தது. அண்ணி சிரித்தார், மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.

"பாவம், பசியோட இருந்திருக்கார்."

சட்டையை அவிழ்த்து மூன்றாவது தொட்டிலில் போட்டேன். கயிறு முறுகியது. தொட்டில் இறங்கி இறங்கி, நடுப்பகுதி தரையைத் தொட்டு நின்றது. விளக்குப் பொருத்த வந்த அக்கா அதைப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் நல்ல பருமனோ?"

"இல்லக்கா, ஒடிசல். காத்தடிச்சாப் பறந்துடுவார்னு கிண்டல் பண்ணுவோம்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள். காலையில் வெளியே வரவும் இல்லை. இரண்டு டம்ளர் டீ மட்டும் வாசல்படியில் இருந்தது. அந்த மூன்றாவது தொட்டில் மேல் சுருட்டு நாற்றம் அடித்தது. அண்ணன் சுருட்டுப் பிடித்ததில்லை. கம்பெனிப் பசை வாடைதான் அவர் மேல் எப்போதும் வரும். முன்னால் படுத்துவிட்டுப் போன எவனோ லாரிக்காரன் பிடித்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சட்டையை மறுபடி பின் சீட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். கா கணவாயில் வண்டி ஏறத் தொடங்கியது. கார்களெல்லாம் சுரங்கப் பாதையில் போய்விடும், பைக்குகளுக்குப் பழைய மலைப்பாதைதான். வளைவுக்கு மேல் வளைவு. கீழே கடல் பளபளவென்று கிடந்தது.

என் அண்ணனுக்குப் பின் சீட்டில் உட்காரத் தெரியாது. ஊருக்கே தெரிந்த விஷயம் அது. நான் இடது பக்கம் சாய்த்தால் அவர் பயத்தில் வலது பக்கம் சாய்வார். முழங்காலால் என் விலாவை நெருக்குவார். "மெல்லடா, மெல்லடா" என்று காதுக்குள் கத்துவார். அவரை வைத்து இந்த மலையில் ஓட்டினால் இறங்கியதும் எனக்குத் தோள் கழன்றுவிடும்.

முதல் வளைவில் வண்டி அழகாகச் சாய்ந்தது.

இரண்டாவதிலும்.

நான் சாய நினைக்கும்போதே பின்னால் இருந்த பாரமும் சேர்ந்து சாய்ந்தது. வருஷக்கணக்கில் பின் சீட்டிலேயே போய்வந்த ஒரு ஆளின் பழக்கம் அது. செத்த பிறகு அண்ணன் தேறிவிட்டார் போல என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அடுத்த வளைவில் வேண்டுமென்றே தப்பான பக்கம் சாய்த்தேன்.

பாரம் தானாகவே நிமிர்ந்து, வண்டியைச் சரியான பக்கம் இழுத்துச் சென்றது.

ஓரம் கட்டினேன். பின்னால் அண்ணியும் வந்து நிறுத்தினார்.

"அண்ணி, ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த மூணாவது காசு... அது வெள்ளையாத்தான் விழுந்துச்சா?"

அண்ணி கடலைப் பார்த்தார்.

"அண்ணி?"

"நான்தான் திருப்பினேன்" என்றார். "வெறும் சுண்ணாம்புதானே குயென். ஒரு விரலால தள்ளினேன், அவ்வளவுதான். காத்து தள்ளியிருந்தா சரி, நான் தள்ளினாத் தப்பா?"

தட்டை எடுத்து ரோட்டோரக் கல் மேல் வைத்தேன். பெயர் சொல்லிக் கேட்டேன், என் பின்னால் வருவது லுவான் அண்ணன்தானா என்று. இரண்டும் கறுப்பு. மறுபடி கேட்டேன். கறுப்பு. மூன்றாவது தடவை காசுகளை நான் தட்டுக்கு மேலே கொண்டுபோவதற்குள் கையிலிருந்து நழுவி விழுந்தன.

கறுப்பு.

முட்புதருக்குள் பார்த்த அந்தக் கூரையில்லாத மாடம் என் கண் முன்னால் வந்து நின்றது. எத்தனை வருஷமாக எவன் அங்கே நின்றுகொண்டிருந்தானோ. எத்தனை வண்டிகள் அவனைக் கடந்து ஊருக்குப் போயினவோ. யாரோ ஒருவர், வராத ஆளுக்காகப் பின் சீட்டைக் காட்டி, வா வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டால் ஏறாமல் இருப்பானா?

நான் கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு பாலத்திலும், கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

"திரும்பிப் போவோம் அண்ணி. எங்க ஏத்தினோமோ அங்கயே இறக்கி விட்டுடுவோம்."

"போயி? நாளைக்கு நூறாம் நாள். வெறுங்கையோட வீட்டுக்குப் போயி, அந்த ரூம்ல நான் மட்டும் படுக்கணுமா?"

"இது அண்ணன் இல்ல!"

"யாரோ ஒருத்தர். அவருக்கும் வீடு இருந்திருக்கும், ஒரு பொண்டாட்டி இருந்திருப்பா." அண்ணியின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "ஆள் இல்லாத வீடு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது குயென்."

நான் சட்டையின் முடிச்சுகளைப் பிடித்து இழுத்து அவிழ்த்தேன். சட்டை கையோடு வந்துவிட்டது. சீட் அமுங்கியபடியே இருந்தது. பின்வாங்கினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன்.

நான் வண்டிக்கு ஸ்டாண்ட் போடவே இல்லை.

பைக் நேராக நின்றுகொண்டிருந்தது.

என் கையிலிருந்த சட்டையை அண்ணி வாங்கிக்கொண்டார். சீட்டில் விரித்தார். தன் பைக் சாவியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு என் வண்டியில் ஏறினார். தடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த வண்டியைத் தொட எனக்குக் கை வரவில்லை. அவர் உதைத்துக் கிளப்பி, மலையிறக்கத்தில் போய்விட்டார்.

பின்தொடர்ந்து போனேன். வேறென்ன செய்ய? தூய் ஹோவாவின் நீளப் பாலத்தில் அண்ணி சொல்வது காற்றில் கேட்டது. "பாலம் வருதுங்க. பிடிச்சுக்கங்க." நான் அவிழ்த்த சட்டையை அவர் திரும்பக் கட்டவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். அத்தனை காற்றிலும் அது பறக்கவில்லை. முதுகுப்பக்கம் புடைத்து நின்றது. சட்டையின் கைகள் இரண்டும் அண்ணியின் இடுப்பைச் சுற்றி முன்னால் போயிருந்தன.

அதற்குப் பிறகு நான் சாலையை மட்டுமே பார்த்தேன்.

வெயில் தாழும் முன் ஊர் வந்துவிட்டது. அம்மா சமையல்கட்டு வாசலில் முக்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு முக்காலி காலியாக இருந்தது. அம்மா அந்த முக்காலியைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்ததை நான் வாசலிலேயே கண்டேன். அண்ணி வண்டியை நேராக முற்றத்துக்குள் விட்டார்.

"அத்தை, அவரைக் கூட்டிட்டு வந்துட்டேன்."

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் அண்ணியைப் பார்த்தாள், பின் சீட்டைப் பார்த்தாள். பிறகு முக்காலியின் பக்கம் திரும்பிக் காற்றைப் பிடிக்கப் பாய்ந்தாள்.

"எந்திரிக்காதடா! நீ எதுக்குடா எந்திரிக்கிற? லுவான், போகாதடா!"

பூண்டுத் தட்டு கவிழ்ந்தது. அம்மா வெறுங்காலோடு உப்பளத்தைப் பார்த்து ஓடினாள். வரப்பில் வைத்து அவளைப் பிடித்தேன். உப்பின் வெள்ளையைத் தவிர எதிரே ஒன்றும் இல்லை. அவள் கண் மட்டும் எதையோ பின்தொடர்ந்து தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"புதைச்ச அன்னைக்கே வந்துட்டான்டா" என்றாள். "தினமும் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். உன் அண்ணி அழுற இடத்துல அவனால நிக்க முடியல. கண்ணீர் பட்டா செத்தவங்களுக்குச் சுடும்."

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"வந்தவங்களைப் பத்தி வெளிய சொன்னா அப்புறம் வர மாட்டாங்கன்னு உனக்குத் தெரியாதா?" அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சொன்னா அவ பக்கம் போயிருவான்னும் இருந்துச்சு. நீங்க காசு போடுவீங்க, அவன்தான் அங்க இல்லையே, இல்லைன்னுதான் விழும், வெறுங்கையோட வந்துருவீங்கன்னு நினைச்சேன். யாரைடா ஏத்திட்டு வந்தீங்க? ஒரு பேருக்குப் படையல் மேடையில ஒரு இடந்தான் உண்டு. நாளைக்கு அவன் பேரைச் சொல்லித்தான் சோறு வைப்பீங்க. திங்கப் போறது யாரு?"

அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தேன்.

மறுநாள், நூறாம் நாள் படையலுக்கு ஊரே வந்தது. நடந்ததைப் பூசாரியிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். நீங்களே பெயர் சொல்லி வாசலுக்குள் அழைத்து வந்தவரை வெளியே அனுப்ப எனக்குத் தெரிந்த வழி எதுவும் இல்லை என்றார். கூட்டத்தின் முன்னால் தட்டை வைத்து, லுவான் வீட்டுக்கு வந்துவிட்டாயா என்று அவர் கேட்டார். முதல் தடவையிலேயே ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. யார் கையும் அருகில் இல்லை. உறவுக்காரர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். படையல் சோறு அவர்கள் கண்ணெதிரே உலர்ந்து வெடித்தது.

அண்ணி இப்போது நன்றாகத் தூங்குகிறார். உடம்பு தேறவில்லை. கன்னம் ஒட்டி, மணிக்கட்டு எலும்பாகிவிட்டது. கேட்டால், நான் சந்தோஷமாக இருக்கிறேன் குயென், நீ உன் வேலையைப் பார் என்கிறார். அவர் தலைமுடியில் சுருட்டு வாடை வருகிறது. அண்ணியோடு இருந்த அம்மா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணியின் முற்றத்தை மிதிப்பதில்லை.

ஆனால் தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு உப்பள வரப்பில் போய் நிற்கிறாள். சாலையைப் பார்த்து, "லுவான், வீட்டுக்கு வாடா" என்று கூப்பிடுகிறாள். சாலையிலிருந்து எந்தப் பதிலும் வருவதில்லை. அண்ணியின் வீட்டுக்குள்ளிருந்துதான் பதில் வருகிறது.

"இங்கதாம்மா இருக்கேன்."

முதல் வாரம் அது ஒரு கிழவனின் கரகரத்த குரலாக இருந்தது. நாளாக ஆக இளைத்து, மெலிந்து, பழகிக்கொண்டே வந்தது.

நேற்று அது என் அண்ணனின் குரலேதான். இத்தனை நாள் சாலையையே பார்த்து நின்ற அம்மா, அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டாள்.